இரண்டு மாத ராத்திரியில் பொழுது போவது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"காலம் பொன் போன்றது", "நேரத்தை வீணாக்காதே" என்று கட்டுரை எழுதாத ஆண்டு மலர் உலகத்திலேயே கிடையாது. நேரம் போதவில்லை என்று தவிக்கிறவனுக்கு அட்வைஸ் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் நேரம் அதிகமாகப் போய்விட்டவனுக்கு? கையில் வேலை இல்லை, போக ஒரு இடம் இல்லை, பேச ஆள் இல்லை, மணியைப் பார்த்தால் முள் நகரவே மாட்டேன் என்கிறது... அவன் என்ன செய்வது? அதை யாரும் எழுதக் காணோம்.

நான் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன இடம் அரூரோ பென்னாகரமோ இல்லை. நேராக அண்டார்டிகா! (புத்தகத்தில்தான். டிக்கெட் எடுக்க யார் காசு கொடுப்பார்கள்?) நமக்கும் தென்துருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. முதலில் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு அதற்கு வருகிறேன்.

நம்ம ஆளுங்க அங்கே இருக்காங்க

டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலில் கிளம்பி, 1982 ஜனவரி 9-ல் அண்டார்டிகாவில் கால் வைத்தது. இரண்டு வருடத்தில் 'தட்சிண கங்கோத்ரி' என்ற நிலையம் வந்தது. 1984-ல் கப்பல் திரும்பிப் போனபோது, லெப்டினன்ட் கர்னல் சத்ய ஸ்வரூப் சர்மா தலைமையில் 12 பேர் அங்கேயே தங்கினார்கள். அண்டார்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த முதல் இந்தியக் குழு அதுதான். பனி மேல் கட்டிய அந்தக் கட்டிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குள்ளேயே புதைந்து போனது. அதனால் 1989-ல் பாறை நிலத்தில் 'மைத்ரி' வந்தது. 2012-ல் 'பாரதி' வந்தது. பாரதியை எதை வைத்துக் கட்டினார்கள் தெரியுமா? கப்பலில் சரக்கு ஏற்றுகிற கன்டெய்னர்கள், மொத்தம் 134! ஃபேப்ரிகேஷன் பாடத்தில் தூங்குகிறவர்கள் கவனிக்கவும்.

கோவாவிலிருந்து மைத்ரிக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல். கோடை முடிந்து கடைசிக் கப்பல் போய்விட்டால், அடுத்த கோடை தொடங்குகிற நவம்பர் வரைக்கும் வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. இருக்கிற இருபது, இருபத்தைந்து பேர்தான் ஊர், உறவு, அக்கம்பக்கம் எல்லாமே.

அங்கே இருப்பவர்கள் எல்லாம் பெரிய பெரிய விஞ்ஞானிகள் என்று நாம் நினைக்கிறோம். பாதி கதைதான் அது. ஜெனரேட்டர் ஓட வேண்டும், குழாய் உறையாமல் இருக்க வேண்டும், பனியில் ஓடுகிற வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும், சோறு வேக வேண்டும். கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இதற்காக வண்டி மெக்கானிக், ஜெனரேட்டர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் என்று ஆள் எடுத்து அனுப்புகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. "நாம எல்லாம் எங்கேடா..." என்று இழுக்க வேண்டாம். ஜெனரேட்டர் நின்றால் விஞ்ஞானமும் நின்றுவிடும்!

சூரியன் லீவு போட்ட கதை

"அங்கே ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரி" என்று சின்ன வயதில் படித்தோமே, அது சரியாகத் துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். மைத்ரி இருக்கும் இடத்தில் மே மூன்றாவது வாரவாக்கில் இறங்குகிற சூரியன் ஜூலை மூன்றாவது வாரவாக்கில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். சுமார் இரண்டு மாத ராத்திரி. வெளியே பனிப்புயல் அடித்தால் கதவைத் திறக்கவே முடியாது. ஷிப்டு முடிந்தது, சாப்பிட்டாயிற்று, தூக்கமும் வரவில்லை. பகல் எது, இரவு எது என்று உடம்புக்கே குழப்பம்.

இந்த இருட்டில் முதன்முதலில் மாட்டியவர்கள் 'பெல்ஜிகா' என்ற கப்பலில் போனவர்கள். 1898-ல் கப்பல் பனியில் சிக்கி, ஒரு வருடத்துக்கு மேல் விடுபடவில்லை. சூரியன் போனதும் ஆட்களுக்கு முகம் வெளுத்தது, பேச்சு குறைந்தது, நெஞ்சு படபடத்தது, சிலருக்குப் புத்தியே பேதலித்தது. ஸ்கர்வி நோய் வேறு. கப்பல் டாக்டர் ஃபிரெடரிக் குக் கொடுத்த வைத்தியம் என்ன? பெங்குவின் கறியும் சீல் கறியும் சாப்பிட வைத்தார். அடுப்பு எதிரே உட்கார வைத்து வெளிச்சமும் சூடும் வாங்க வைத்தார். கப்பலைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தார். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி நடை' என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேறினார்கள்.

(நம்ம தகடூர் அதியமான் காலத்தில் பெல்ஜிகா போயிருந்தால் ஒரு மூட்டை நெல்லிக்காய் அனுப்பியிருப்பார், ஸ்கர்வி பக்கமே வந்திருக்காது. அவ்வைக்குக் கொடுத்த மாதிரி ஒன்றே ஒன்று கொடுத்திருந்தால் மட்டும் கப்பலில் சண்டை வந்திருக்கும்!)

சரி, இது எனக்கு எதற்கு?

நான் உங்களில் பலரைப் போல பத்தாவது முடித்ததும் நேராக இங்கே வந்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவன். அந்த ஒரு வருட வேலை, சித்தேரி மலைப் பக்கம் ஒரு செல்போன் டவருக்கு ராத்திரி காவல். கரண்டு போனால் ஜெனரேட்டர் போட வேண்டும், டீசல் அளவு பார்க்க வேண்டும், பேட்டரி ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுத வேண்டும். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை. வேலை என்று பார்த்தால் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வரும். மீதி பதினொரு மணி நேரம்?

ஊரில் கேட்டால், "உனக்கென்னப்பா ராசா, சும்மா உக்காந்தா சம்பளம்" என்பார்கள். சும்மா உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். மார்கழி மாதம் மலைக்காற்று தகரக் கதவை ஆட்டிக்கொண்டே இருக்கும். போனில் பார்க்கலாமே என்றால், டவருக்குக் கீழேயே இருப்பதால் சிக்னலுக்குக் குறைச்சல் இல்லை, ரீசார்ஜுக்குத்தான் காசில்லை. அப்படியே பார்த்தாலும் எத்தனை மணி நேரம் பார்ப்பது? கண் எரியும், மனசு இன்னும் வெறுமையாகும்.

அடுத்த மலை டவரில் இன்னொரு அண்ணன் வேலை பார்த்தார். நல்ல மெக்கானிக். போனை ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்தால் போதும், சத்தத்தைக் கேட்டே "இன்ஜெக்டர் அடைப்பு தம்பி, கழட்டிப் பாரு" என்பார். ஆரம்பத்தில் தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவரே கூப்பிடுவார். "தம்பி, சாப்டியா? என்னா கொழம்பு?" பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பிறகு நான் கூப்பிட்டால் மட்டும். கடைசியில் போனை எடுப்பார், ஆனால் பேச மாட்டார். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். வீட்டில் அண்ணி கூப்பிட்டாலும் அதே கதைதான். ஒருநாள் அண்ணியும் அவர் மச்சானும் ஒரு சின்ன யானை வண்டி பிடித்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அந்த டவருக்கு என்னை அனுப்பினார்கள். லாக் புக்கைத் திறந்தேன். இன்னும் வராத பத்து நாட்களுக்கும் ரீடிங் எழுதியிருந்தது! எல்லாம் ஒரே எண். அழகான கையெழுத்து.

அவர் குடிக்கிறவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. எட்டு மாதம் தனியாக ராத்திரியில் உட்கார்ந்ததில், நேற்று, இன்று, நாளை எல்லாமே அவருக்கு ஒன்றாகிப் போயிருந்தது. சில மாதம் வைத்தியம் பார்த்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், மோட்டார் காயில் கட்டுகிறார். ஆனால் அந்த லாக் புக்கை என்னால் மறக்க முடியவில்லை. தனியாக இருப்பவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

ரம்பமும் இழைப்புளியும்

படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆமுண்ட்சென் குழு. பெல்ஜிகாவில் மாட்டியவர்களில் அவரும் ஒருவர். பட்ட அடி மறக்கவில்லை! 1911 குளிர்காலத்தில் ஒன்பது பேர் 'ஃப்ராம்ஹைம்' என்ற குடிசையில் தங்கினார்கள். பனிக்குள்ளேயே குடைந்து பட்டறை போட்டார்கள். பியாலாண்ட் என்ற தச்சர், பனிச்சறுக்கு வண்டிகளை இழைத்து இழைத்து, எடையை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தார். தினமும் காலையில் வெளியே எத்தனை டிகிரி இருக்கும் என்று எல்லோரும் ஊகம் சொல்ல வேண்டும், ஜெயித்தவனுக்குப் பரிசு. இதில் என்ன பெரிய விளையாட்டு என்று தோன்றும். ஆனால் ஊகம் சொல்ல வேண்டும் என்றால் வெளியே போய் மூக்கை நீட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? இருட்டிலும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நாளாக இருந்தது. அந்த வருடம் டிசம்பர் 14-ல் அவர்கள்தான் தென்துருவத்தை முதலில் தொட்டார்கள்.

இன்னொரு குழு ஷேக்கிள்டனுடையது. 1908 குளிர்காலத்தில் 15 பேர் ஒரு குடிசையில் இருந்தார்கள். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஆண்டு மலர் போட்டார்கள்! கேலி இல்லை, நிஜம். சின்ன அச்சு இயந்திரம் ஒன்றைக் கப்பலில் கொண்டு போயிருந்தார்கள். மை உறைந்து போகும் என்று தட்டுக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, எழுத்து எழுத்தாகக் கோத்து அச்சடித்தார்கள். கதை, கவிதை, படம் எல்லாம் அவர்களே. அட்டைக்கு எங்கே போவது? சாமான் வந்த மரப்பெட்டிகளை அறுத்து அட்டை போட்டார் பெர்னார்ட் டே. அவர் யார்? அண்டார்டிகாவுக்கு முதன்முதலாகப் போன காரை ஓட்டிய மோட்டார் மெக்கானிக்! 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்' என்ற அந்தப் புத்தகத்தின் சில பிரதிகளில் 'வெண்ணெய்' என்று பெட்டி மேல் இருந்த எழுத்து இன்றும் தெரிகிறதாம். நம் மலர்க்குழு, மேட்டர் வரவில்லை, விளம்பரம் வரவில்லை என்று புலம்பும்போதெல்லாம் எனக்கு அந்த மெழுகுவர்த்திதான் ஞாபகம் வரும்.

இப்போதும் அதே சூத்திரம்தான். மைத்ரியில் கேரம், டேபிள் டென்னிஸ், சினிமா எல்லாம் உண்டு. ஆனால் அவற்றைவிட முக்கியம் சமையலறை முறை. ஒவ்வொருவரும் முறை போட்டு சமையலறையில் உதவ வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், இடத்தைப் பெருக்க வேண்டும். தலைவர், விஞ்ஞானி, மெக்கானிக் எல்லோருக்கும் ஒரே முறை. ஜூன் 21, அங்கே இருட்டின் நடு நாள். அதை எல்லா நாட்டு நிலையங்களும் நம்ம ஊர் பொங்கல் மாதிரி விருந்து வைத்துக் கொண்டாடுகின்றன. ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு வாழ்த்து பறக்கும். இஸ்ரோவின் மங்களா மணி, 2016-17-ல் பாரதி நிலையத்தில் 403 நாட்கள் இருந்தார். அப்போது அவருக்கு வயது 56. அந்தக் குழுவில் ஒரே பெண் அவர்தான். அதற்கு முன் பனி பொழிவதையே அவர் பார்த்ததில்லையாம்!

கண்ணாடி பிடித்த மெக்கானிக்

மைத்ரிக்குப் பக்கத்திலேயே 'நோவோலாசரெவ்ஸ்கயா' என்று ரஷ்ய நிலையம் இருக்கிறது. 1961-ல் அங்கிருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகோசோவ், வயது 27. அவருக்கே குடல்வால் வீங்கிவிட்டது. புயல், விமானம் வர வழியில்லை. ஏப்ரல் 30-ந் தேதி தன் வயிற்றைத் தானே அறுத்து ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றே முக்கால் மணி நேரம்! உதவிக்கு யார்? வானிலை பார்ப்பவர் ஒருவர் கத்தி, கத்தரி எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி பிடித்து வயிற்றைக் காட்டியவர் ஒரு மெக்கானிக். இரண்டு வாரத்தில் டாக்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

எல்லோரும் டாக்டரின் தைரியத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த மெக்கானிக் பெரிதாகத் தெரிகிறார். கை நடுங்காமல் கண்ணாடி பிடிக்க ஒரு ஆள் இருந்ததால்தான் ஆபரேஷன் நடந்தது.

இதற்கு நேர் எதிர் அமெரிக்க அட்மிரல் பேர்ட். 1934 குளிர்காலத்தில் வானிலை பார்க்க ஒரு குடிசையில் தன்னந்தனியாகத் தங்கினார். அவரும் முறை வைத்துத்தான் வாழ்ந்தார். சுரங்கம் தோண்ட ஒரு மணி நேரம், பனி தள்ள அரை மணி நேரம், டீசல் டிரம் அடுக்குகிற மாதிரி எரிபொருள் பீப்பாய்களை ஒழுங்குபடுத்த ஒரு மணி நேரம் என்று நாளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டார். அப்படியும் அடுப்பும் எஞ்சினும் விட்ட கார்பன் மோனாக்சைடு அவரைச் சாய்த்தது. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அவர் அனுப்பிய தந்திச் சேதிகள் தடுமாறுவதை முகாமில் இருந்தவர்கள் கவனித்தார்கள். ஆகஸ்டில் மூன்று பேர் இருட்டில் வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். உயிர் பிழைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த அண்ணனின் போன் ஞாபகம் வந்தது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்ட அந்த போன்தான்.

நான் எப்படித் தப்பித்தேன் என்று கேட்பீர்கள். என் டவர் கேட் விளக்குக்குக் கீழே மலைக்கிராமத்துப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுப்பாடம் எழுத வருவார்கள். "அண்ணா, இந்தக் கணக்கு வரலீங்கண்ணா." அவ்வளவுதான். ஏழு மணிக்கு அவர்கள் வருவார்கள் என்பதற்காக ஆறே முக்காலுக்கு நான் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டேன். பிறகு ஒரு நோட்டில் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது என்று கணக்குப் போட்டு வரைபடம் போட ஆரம்பித்தேன். இங்கே வந்து தெர்மல் லேபில் எரிபொருள் செலவு கண்டுபிடிக்கும் பரிசோதனை செய்தபோது, "அட, இதுதானா அது!" என்று இருந்தது. பொழுது போக்குவதற்கு விளையாட்டுச் சாமானைவிட, நமக்காகக் காத்திருக்கும் ஒரு ஆளும், நம் கையால் முடிய வேண்டிய ஒரு வேலையும் வேண்டும் என்று அந்த மலையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறாவது செமஸ்டருக்குப் பிறகு

தனியிடத்தில் தங்குபவர்களைப் பற்றி 1991-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று எழுதினார்கள். ஆரம்பத்தில் உற்சாகம் இருக்குமாம். முடியும்போதும் உற்சாகம் வருமாம். பாதி தாண்டியதும் வருகிற மூன்றாவது கால் பகுதியில்தான் மனசு ரொம்பத் தொய்ந்து போகுமாம். நம் மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலாவது செமஸ்டர், ஐந்தாவது செமஸ்டர்! அரியர் எப்போது குவிந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆனால் நமக்கு உண்மையான துருவ இரவு இனிமேல்தான் வரப்போகிறது. ஆறாவது செமஸ்டர் முடியும். சிலர் ஓசூர் கம்பெனிக்குப் போவார்கள், சிலர் சென்னைக்கு. நைட் ஷிப்டு, புது ரூம், மொழி தெரியாத ரூம் மேட். இன்னும் சிலருக்கு வேலை வராது. பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரிசல்ட்டுக்கும் இன்டர்வியூ கார்டுக்கும் காத்திருப்பார்கள். தெருவில் போகிறவர் எல்லாம், "என்னா தம்பி, இன்னும் சும்மாதான் இருக்கியா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தை மைனஸ் முப்பது டிகிரியைவிடக் கொடுமை.

அண்டார்டிகாவுக்கு ஆள் அனுப்பும்போது உடம்பையும் மனசையும் சோதித்து அனுப்புகிறார்கள், கூடவே டாக்டரை அனுப்புகிறார்கள், கூட்டமாக அனுப்புகிறார்கள். நம்மைச் சோதித்து அனுப்ப யாரும் இல்லை. நமக்கு நாம்தான்.

ஆகவே நண்பர்களே, இரண்டே இரண்டு வேண்டுகோள்.

வேலை வரும்வரை காத்திருக்கிறவன் கையில் ஏதாவது ஒன்றை வைத்திருங்கள். பக்கத்து வீட்டு மோட்டார் பம்ப் ரிப்பேரோ, தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவதோ, எதுவானாலும் சரி. அதில் நமக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நம் வகுப்பு முகவரிகளும் போன் நம்பர்களும் வழக்கம்போல் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கங்களைக் கிழித்து பஜ்ஜிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவரைக் கூப்பிடுங்கள். முன்பு அரை மணி நேரம் பேசியவன் இப்போது "ம்" என்று மட்டும் சொல்கிறானா? "சரி மச்சான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடாதீர்கள். அடுத்த பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போய் இறங்குங்கள்.